போஸ்ட்ஃபிக்ஸுடன் வைரஸ் வடிகட்டியை இணைத்தல்: எந்த வரி, எந்தக் கோப்பில், எதற்காக

கேள்வியின் சாரம் இது. டெபியன் லினக்ஸ் சர்வர் ஒன்றில், அஞ்சலை வாங்கி அனுப்பும் நிரலான போஸ்ட்ஃபிக்ஸ் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அதில் அஞ்சலை வாங்கிச் சோதனைக்கு உட்படுத்தும் அமாவிஸையும், வைரஸ் தேடும் கிளாம்ஏவியையும் நிறுவி, தேடிக் கிடைத்த சில வரிகளை மெயின்.சிஎஃப், மாஸ்டர்.சிஎஃப் ஆகிய இரண்டு போஸ்ட்ஃபிக்ஸ் அமைவுக் கோப்புகளிலும் ஒட்டிய பிறகு அஞ்சல்கள் போய்ச் சேரவில்லை. எல்லாம் வரிசையிலேயே நிற்கின்றன, 127.0.0.1 முகவரியின் 10024-ஆம் போர்ட்டில் இணைப்பு மறுக்கப்பட்டதாக லாக் (நிகழ்வுப் பதிவு) சொல்கிறது. இடையில் ஒருமுறை ஓடியபோது சில அஞ்சல்கள் இரண்டிரண்டாக வந்தன. எந்த வரி எதற்கு என்று புரிந்துகொண்டு சரிசெய்ய விரும்புகிறார் கேட்டவர்.

வரிகளுக்குப் போகுமுன் ஒன்றை முடிவு செய்தாக வேண்டும். வடிகட்டி தன் தீர்ப்பைச் சொல்லும்போது, அஞ்சலை அனுப்பிய வெளி சர்வர் இன்னும் இணைப்பில் காத்திருக்கிறதா, அல்லது ‘பெற்றுக்கொண்டேன்’ என்ற 250 பதிலை வாங்கிக்கொண்டு போய்விட்டதா? இந்தக் கேள்விக்கான விடைதான் மற்ற எல்லா வரிகளையும் தீர்மானிக்கிறது. அஞ்சல் பரிமாற்றத்துக்கான எஸ்எம்டிபி நெறிமுறையில் 250 என்று பதில் சொன்ன கணத்திலிருந்து அந்த அஞ்சலுக்கு உங்கள் சர்வரே பொறுப்பு. அதற்கு முன்பு என்றால் 5-இல் தொடங்கும் எண்ணைச் சொல்லி நிராகரிக்கலாம், அனுப்புநருக்குத் தகவல் சொல்லும் கடமை எதிர்ப்பக்கத்து சர்வரைச் சேரும். அதற்குப் பின்பு என்றால் அஞ்சலைச் சேர்ப்பிக்க வேண்டும், அல்லது ஒதுக்கி வைக்க வேண்டும், அல்லது ஓசையின்றி அழிக்க வேண்டும். திருப்பி அனுப்புவது நான்காவது வழிபோலத் தோன்றும். ஆனால் வைரஸ் அஞ்சல்களிலும் ஸ்பாமிலும் அனுப்புநர் முகவரி பெரும்பாலும் போலியானது. நீங்கள் திருப்பி அனுப்புவது சம்பந்தமே இல்லாத ஒருவரின் பெட்டியில் விழும், நாளடைவில் உங்கள் சர்வரின் முகவரி தடைப்பட்டியலில் ஏறும்.

கேட்டவர் ஒட்டியிருப்பது இரண்டாவது வகை. அதாவது அஞ்சல் முதலில் வரிசையில் ஏற்கப்படுகிறது, பிறகு வடிகட்டிக்குப் போகிறது, பிறகு திரும்பி வருகிறது. முதல் வகைக்கு மில்டர் என்ற வழி இருக்கிறது. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன். கீழே அளபுருக்களின், அதாவது கோப்பில் மதிப்பு கொடுக்கும் அமைவுகளின், பெயர்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். கோப்பில் அவை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில், சொற்களுக்கு நடுவே அடிக்கோட்டுடன், இடைவெளி இல்லாமல் இருக்க வேண்டும்.

வரிசைக்குப் பிந்தைய வடிகட்டலில் அஞ்சல் செல்லும் பாதையை மனத்தில் வரைந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். வெளியிலிருந்து 25-ஆம் போர்ட்டில் வரும் அஞ்சலை எஸ்எம்டிபிடி என்ற போஸ்ட்ஃபிக்ஸ் நிரல் வாங்குகிறது, க்ளீன்அப் என்ற நிரல் அதை வரிசைக் கோப்பாக எழுதுகிறது. எழுதும்போதே, கன்டென்ட்_ஃபில்டர் அளபுரு நிரப்பப்பட்டிருந்தால், ‘இதை முதலில் இந்த வடிகட்டிக்கு அனுப்பு’ என்ற குறிப்பையும் அந்தக் கோப்பிலேயே பதித்துவிடுகிறது. வரிசை மேலாளர் அந்தக் குறிப்பைப் பார்த்து, 10024-இல் காத்திருக்கும் அமாவிஸுக்கு எஸ்எம்டிபி வழியாகவே அஞ்சலைக் கொடுக்கிறது. அமாவிஸ் அதைப் பிரித்து, இணைப்புக் கோப்புகளைக் கிளாம்ஏவியின் பின்னணி நிரலான கிளாம்டிக்குக் காட்டி, தூய்மையானது என்றால் 10025-ஆம் போர்ட்டில் போஸ்ட்ஃபிக்ஸிடமே திருப்பித் தருகிறது. அங்கே இன்னொரு எஸ்எம்டிபிடி அதை வாங்கி, புதிய வரிசை எண் கொடுத்து, பெறுநருக்குச் சேர்ப்பிக்கிறது. ஆகவே வாசல்கள் இரண்டு: போகும் வாசல் 10024, அதைத் திறந்து வைப்பது அமாவிஸ், வரும் வாசல் 10025, அதைத் திறந்து வைப்பது போஸ்ட்ஃபிக்ஸ். பிறர் எழுதியதைப் பார்த்து ஒட்டுபவர்கள் பெரும்பாலும் முதல் வாசலை மட்டுமே கவனிக்கிறார்கள்.

இதில் அமாவிஸின் ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது. அது அஞ்சலைத் தன்னிடம் வைத்துக்கொண்டு ‘சரி’ என்று சொல்வதில்லை. 10025-இல் போஸ்ட்ஃபிக்ஸ் 250 சொன்ன பிறகுதான், 10024 பக்கத்தில் தானும் 250 சொல்கிறது. நடுவில் மின்சாரம் போனாலும், அமாவிஸ் செயலிழந்தாலும், முதல் வரிசைக் கோப்பு போஸ்ட்ஃபிக்ஸிடம் பத்திரமாக இருக்கும். கேட்டவரின் அஞ்சல்கள் வரிசையில் நிற்கின்றனவே தவிர எதுவும் தொலையவில்லை என்பதற்கும் இதுவே காரணம், பதற வேண்டியதில்லை.

இனி மாஸ்டர்.சிஎஃப். அதில் ஒவ்வொரு சேவைக்கும் எட்டு நெடுவரிசைகள் உண்டு: சேவையின் பெயர், வகை, தனியுரிமை, சிறப்புரிமை நீக்கம், க்ரூட், விழிப்பு, அதிகபட்சச் செயல்முறைகள், கட்டளை. போகும் வாசலுக்கு ‘எஸ்எம்டிபி-அமாவிஸ்’ என்ற பெயரில், யூனிக்ஸ் வகையில் ஒரு சேவை எழுதுவது வழக்கம். அதன் கட்டளை எஸ்எம்டிபி, அதிகபட்சச் செயல்முறை 2. இந்த 2 என்ற எண்ணை விளையாட்டாக மாற்றக் கூடாது. அமாவிஸ் தன் பக்கத்தில் மேக்ஸ்_சர்வர்ஸ் என்ற மாறியில் எத்தனை பிள்ளைச் செயல்முறைகளை வைத்திருக்கிறதோ, அதற்கு மேல் இங்கே எழுதினால் மிகுதி இணைப்புகள் கேட்பாரின்றிக் காத்திருந்து காலாவதியாகும். கூட்ட வேண்டுமானால் இரண்டு இடத்திலும் சேர்த்தே கூட்ட வேண்டும், அதற்கு முன் நினைவகம் போதுமா என்றும் பார்க்க வேண்டும். இந்தச் சேவையின் கீழ் எஸ்எம்டிபி_சென்ட்_எக்ஸ்ஃபார்வர்டு_கமாண்ட் என்பதை ‘யெஸ்’ என்று வைத்தால், அஞ்சலை முதலில் தந்த வெளி சர்வரின் முகவரி அமாவிஸுக்கும் தெரியவரும். எஸ்எம்டிபி_டேட்டா_டன்_டைம்அவுட் என்பதை 1200 விநாடியாக வைப்பது, பெரிய இணைப்புக் கோப்புகளை அலச வேண்டிய நேரத்தைக் கருதி. எட்டு பிட் உள்ளடக்கத்தை வழியில் மாற்றிவிடாமல் இருக்க டிசேபிள்_மைம்_அவுட்புட்_கன்வெர்ஷன் என்பதையும் ‘யெஸ்’ ஆக்கிவிடுங்கள். அது மாறினால், அனுப்பிய தளத்தை உறுதிசெய்யும் டிகேஐஎம் கையொப்பம் உடையக்கூடும்.

வரும் வாசலுக்கான சேவையே இந்த இணைப்பின் உயிர்நிலை. அதன் பெயராக 127.0.0.1:10025 என்று முகவரியும் போர்ட்டும் சேர்த்து எழுத வேண்டும். வெறும் 10025 என்று எழுதினால், ஐனெட்_இன்டர்ஃபேசஸ் அனுமதிக்கும் எல்லா முகவரிகளிலும் அந்த வாசல் திறந்துகொள்ளும்; வடிகட்டியே இல்லாத ஒரு வாசலை வெளியுலகுக்குக் காட்டுவது எத்தகைய செயல் என்று நான் விளக்க வேண்டியதில்லை. ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்ற பெயரையும் தவிர்ப்பது நல்லது. சில கணினிகளில் அது ஐபிவி6 முகவரிக்கு முதலில் திரும்பி, மறுபக்கம் ஐபிவி4-இல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால், காரணம் புரியாத மறுப்பு வரும்.

இந்தச் சேவையின் கீழ் வரும் முதல் தெரிவு: கன்டென்ட்_ஃபில்டர் என்று எழுதி, சமக்குறி போட்டு, அதன் பின் எதையும் எழுதாமல் விடுவது. பார்ப்பதற்கு முடிக்காமல் விட்ட வரிபோல இருப்பதால், தட்டச்சுப் பிழை என்று எண்ணி அதை நீக்கிவிடுபவர்கள் உண்டு. அந்த வெறுமைதான் வேண்டியது. மெயின்.சிஎஃப்பில் உள்ள பொதுவான கன்டென்ட்_ஃபில்டர் இந்த வாசலுக்கும் பொருந்திவிடாமல் அது தடுக்கிறது. அது இல்லாவிட்டால், அமாவிஸிலிருந்து திரும்பிய அஞ்சல் மறுபடியும் அமாவிஸுக்கே போகும், அங்கிருந்து மறுபடியும் வரும். ஒவ்வொரு சுற்றிலும் ‘ரிசீவ்டு’ ஹெடர் கூடிக்கொண்டே போய், ஹாப்கவுண்ட்_லிமிட் என்ற வரம்பை, அதாவது இயல்பாக 50-ஐத் தாண்டியதும், தாவல்கள் மிகுந்துவிட்டன என்று சொல்லி போஸ்ட்ஃபிக்ஸ் அஞ்சலைத் திருப்பி அனுப்பிவிடும்.

அதே சேவையில் மைநெட்வொர்க்ஸ் என்பதை 127.0.0.0/8 என்று சுருக்குங்கள். எஸ்எம்டிபிடி_ரெசிப்பியன்ட்_ரெஸ்ட்ரிக்ஷன்ஸ் என்பதில் பெர்மிட்_மைநெட்வொர்க்ஸ், ரிஜெக்ட் என்ற இரண்டை மட்டும் வையுங்கள். கிளையன்ட், ஹீலோ, சென்டர், ரிலே ஆகியவற்றுக்கான கட்டுப்பாடுகளை வெறுமையாக்குங்கள். அந்தச் சோதனைகளெல்லாம் 25-ஆம் போர்ட்டிலேயே முடிந்துவிட்டன, அவற்றை இங்கே மீண்டும் நடத்தினால் எல்லா அஞ்சலும் 127.0.0.1-இலிருந்து வந்ததாகவே தெரியும். எஸ்எம்டிபிடி_ஆத்தரைஸ்டு_எக்ஸ்ஃபார்வர்டு_ஹோஸ்ட்ஸ் என்பதிலும் 127.0.0.0/8 வேண்டும், வெளி சர்வரின் உண்மை முகவரி லாகில் தொடர்ந்து வர அது உதவும்.

எழுதும் முறையிலும் இரண்டு நுட்பங்கள் உள்ளன. இரண்டு கோப்புகளிலும், இடைவெளியில் தொடங்கும் வரி முந்தைய வரியின் தொடர்ச்சியாகக் கருதப்படும். ஆகவே சேவைக்குக் கீழே வரும் தெரிவு வரிகள் இடைவெளியில் தொடங்க வேண்டும், மெயின்.சிஎஃப்பில் ஒரு புதிய அளபுரு இடைவெளியில் தொடங்கவே கூடாது. அடுத்தது, மாஸ்டர்.சிஎஃப்பில் ‘-ஓ’ தெரிவுக்குப் பின் பெயர், சமக்குறி, மதிப்பு மூன்றும் ஒட்டியே இருக்க வேண்டும். சமக்குறியின் இருபுறமும் அழகுக்காக இடைவெளி விடும் வழக்கம் மெயின்.சிஎஃப்பில் செல்லும், இங்கே செல்லாது; இடைவெளி தவிர்க்க முடியாதபோது, 3.0 முதலான பதிப்புகளில் முழுவதையும் நெளிவு அடைப்புக்குறிக்குள் இடலாம்.

இனி அஞ்சல்கள் இரண்டிரண்டாக வந்ததற்கு வருவோம். இந்த அமைப்பில் ஒரே அஞ்சல் க்ளீன்அப் நிரலை இருமுறை கடக்கிறது, வடிகட்டிக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை. விர்ச்சுவல்_ஏலியஸ்_மேப்ஸ் வழியாகப் பெறுநர் முகவரியை விரிப்பதும், ஆல்வேஸ்_பிசிசி வழியாக நகல் சேர்ப்பதும் க்ளீன்அப்பின் வேலைகள். இருமுறை கடந்தால் அவையும் இருமுறை நடக்கும். ஒரு முகவரிக்கு வருவதை அந்த முகவரிக்கும் காப்பகப் பெட்டிக்கும் சேர்த்து அனுப்பும்படி ஏலியஸ் (மாற்று முகவரி) இருந்தால், முதல் சுற்றில் ஒரு காப்பக நகலும் இரண்டாம் சுற்றில் இன்னொன்றும் உருவாக இடமுண்டு. இதைத் தடுக்க மெயின்.சிஎஃப்பில் ரிசீவ்_ஓவர்ரைடு_ஆப்ஷன்ஸ் என்பதற்கு நோ_அட்ரஸ்_மேப்பிங்ஸ் என்ற மதிப்பைக் கொடுக்கிறோம். முதல் சுற்றில் விரிவாக்கம் நடக்காது.

ஆனால் இங்கேயே நிறுத்தினால், முன்பு இரண்டாக வந்தது இப்போது வராமலே போகும். மெயின்.சிஎஃப்பின் மதிப்பு 10025 வாசலுக்கும் பொருந்துவதால், இரண்டாம் சுற்றிலும் விரிவாக்கம் நடக்காது. ஏலியஸ் முகவரிக்கு வந்த அஞ்சல் ‘அப்படியொரு பயனர் இல்லை’ என்று திரும்பிப் போகும். அதனால் 10025 சேவையின் கீழ் ரிசீவ்_ஓவர்ரைடு_ஆப்ஷன்ஸை மீண்டும் எழுதி, அதில் நோ_அட்ரஸ்_மேப்பிங்ஸை விட்டுவிட்டு, நோ_அன்நோன்_ரெசிப்பியன்ட்_செக்ஸ், நோ_ஹெடர்_பாடி_செக்ஸ், நோ_மில்டர்ஸ் ஆகிய மூன்றை மட்டும் தர வேண்டும். அதாவது முகவரி விரிப்பது வடிகட்டிக்குப் பின், மற்றச் சோதனைகள் வடிகட்டிக்கு முன். ஒவ்வொரு வேலையும் ஒரே ஒருமுறை. இந்த இரட்டை வரியில் ஒன்றை மட்டும் ஒட்டியவர்களின் புலம்பலைத்தான் நான் அதிகம் கேட்டிருக்கிறேன்.

மெயின்.சிஎஃப்பில் எழுத வேண்டியது ஏறக்குறைய அவ்வளவுதான்: கன்டென்ட்_ஃபில்டர் என்பதற்கு எஸ்எம்டிபி-அமாவிஸ்:[127.0.0.1]:10024 என்ற மதிப்பு, மேலே சொன்ன ரிசீவ்_ஓவர்ரைடு_ஆப்ஷன்ஸ். முகவரியைச் சதுர அடைப்புக்குள் இடுவது, டிஎன்எஸ்ஸில் அஞ்சல் சர்வரைக் காட்டும் எம்எக்ஸ் பதிவைத் தேடாமல் நேரே அங்கே போகச் சொல்வதற்காக. கன்டென்ட்_ஃபில்டரை இங்கே எழுதினால் சர்வருக்குள்ளிருந்தே பிறக்கும், பிக்அப் என்ற நிரல் வழியாக வரும் அஞ்சல்களும் வடிகட்டப்படும். அது வேண்டாம் என்றால் மெயின்.சிஎஃப்பில் எழுதாமல், மாஸ்டர்.சிஎஃப்பில் 25-ஆம் போர்ட் சேவையின் கீழ் மட்டும் எழுதலாம். என்னைக் கேட்டால் வடிகட்டுவதே நல்லது. ஊடுருவப்பட்ட இணையதளப் படிவம் ஒன்று ஸ்பாம் அனுப்பத் தொடங்கினால் அது பெரும்பாலும் அந்த வழியில்தான் வெளியேறும்.

இப்போது அமாவிஸ் பக்கம். 10024-இல் இணைப்பு மறுக்கப்படுகிறது என்றால் அங்கே எதுவும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை என்று பொருள். போஸ்ட்ஃபிக்ஸ் கோப்புகளை மேலும் நோண்டுவது வீண். டெபியனில் நான் முதலில் பார்ப்பது கணினியின் பெயரை. அமாவிஸ் தன் மைஹோஸ்ட்நேம் மாறியில் புள்ளியுடன் கூடிய முழுப்பெயரை எதிர்பார்க்கிறது. கணினிக்கு ‘மெயில்’ என்று ஒற்றைச் சொல் பெயர் மட்டும் இருந்தால், அதைக் குறைகூறி ஒரு வரி லாகில் எழுதிவிட்டுத் தொடங்காமலே நின்றுவிடும். /எட்சி/அமாவிஸ்/கான்ஃப்.டி அடைவில் உள்ள 05-நோட்_ஐடி கோப்பில் முழுப்பெயரை எழுதினால் தீர்ந்தது. அந்த அடைவில் உள்ளவை பெர்ல் மொழிக் கோப்புகள். ஒவ்வொன்றின் கடைசியிலும் ‘1;’ என்று ஒரு வரி இருக்கும்; உங்கள் மாற்றங்களை 50-யூசர் கோப்பில் அந்த வரிக்கு மேலே எழுதுங்கள்.

அடுத்தது, டெபியனின் 15-கன்டென்ட்_ஃபில்டர்_மோட் கோப்பு. வைரஸ் சோதனைக்கும் ஸ்பாம் சோதனைக்கும் உரிய வரிகள் அதில் கருத்துரைக்குறியிட்டு முடக்கப்பட்டே வருகின்றன. அந்தக் குறியை எடுக்காவிட்டால் அஞ்சல் ஒழுங்காகப் போகும், ஒழுங்காகத் திரும்பும், ஒன்றும் சோதிக்கப்பட்டிருக்காது. இணைப்பு முற்றிலும் சரியாக இருப்பதால், இந்தக் குறை மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் இருக்கக்கூடும்.

அமாவிஸுக்கும் கிளாம்டிக்கும் இடையிலும் ஓர் இணைப்பு உண்டு. அமாவிஸ் அஞ்சலின் பகுதிகளை /வார்/லிப்/அமாவிஸ்/டிஎம்பி அடைவில் எழுதி, அந்தப் பாதையைக் கிளாம்டிக்குச் சொல்கிறது. கிளாம்டி தன் சொந்தப் பயனராக ஓடுவதால் அமாவிஸின் கோப்புகளைத் திறக்க உரிமை வேண்டும். இல்லாவிட்டால் ‘எல்ஸ்டாட் ஃபெயில்டு: பெர்மிஷன் டினைடு’ என்று லாகில் வரும். கிளாம்ஏவி பயனரை அமாவிஸ் குழுவில் சேர்த்து இரு சேவைகளையும் மறுதொடக்கம் செய்தால் போதும். குழுவில் சேர்த்த பிறகும் அதே பிழை வந்தால் ஆப்ஆர்மர் அல்லது எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அடுக்கு தடுக்கிறதா என்று பாருங்கள்; கோப்பு உரிமைகள் எல்லாம் சரியாகத் தெரியும்போது குற்றவாளி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

கிளாம்டி வைரஸ் அடையாளத் தொகுப்பு முழுவதையும் நினைவகத்தில் ஏற்றிக்கொள்கிறது. அதற்கு மட்டும் 1 ஜிபிக்கு மேல் தேவைப்படும். சிறிய கணினியில் கர்னல் அதைக் கொன்றுவிடும். தொகுப்பு புதுப்பிக்கப்படும்போது பழையதையும் புதியதையும் சிறிது நேரம் சேர்த்தே வைத்திருப்பதால் தேவை இருமடங்காகும். நினைவகம் குறைவென்றால் கிளாம்டியின் அமைவுக் கோப்பில் கன்கரன்ட்டேட்டாபேஸ்ரீலோட் என்பதை ‘நோ’ ஆக்கலாம். அப்போது புதுப்பிக்கும் நேரத்தில் சோதனைகள் சற்றுக் காத்திருக்கும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். கிளாம்டி விழுந்துவிட்டால் அமாவிஸ் மாற்று வழியாகக் கிளாம்ஸ்கேன் கட்டளையை ஒவ்வோர் அஞ்சலுக்கும் தனித்தனியே ஓட்டும். அது ஒவ்வொரு முறையும் தொகுப்பை முதலிலிருந்து ஏற்றும். அஞ்சல் மிக மெதுவாகப் போகிறது, சிபியு கொதிக்கிறது என்றால் இதைச் சந்தேகிக்கலாம்.

தீர்ப்புகளைப் பொறுத்தவரை, 50-யூசர் கோப்பில் ஃபைனல்_வைரஸ்_டெஸ்டினி என்பதை டி_டிஸ்கார்டு (அழித்தல்) ஆக்கி, ஒதுக்கிடத்தில் ஒரு நகலை வைத்துக்கொள்வதே என் விருப்பம். ஸ்பாமுக்கு டி_பாஸ் (செல்லவிடுதல்) கொடுத்து, ஹெடரில் குறியிட்டு, பயனரின் குப்பைக் கோப்புறைக்கு அனுப்புவது பாதுகாப்பானது. ஸ்பாம் சோதனை ஒரு மதிப்பீடு மட்டுமே, அது தவறினால் பயனர் தானே மீட்டெடுக்க முடியும். டி_பவுன்ஸ் (திருப்பி அனுப்புதல்) வேண்டாம் என்பதற்கான காரணத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன்.

இப்போது வரிசையில் நிற்கும் அஞ்சல்கள். ‘கன்டென்ட்_ஃபில்டர் வரியை நீக்கிவிட்டேன், ரீலோட் செய்தேன், ஆனாலும் பழைய அஞ்சல்கள் 10024-ஐயே தேடுகின்றன’ என்று பலர் வியப்பார்கள். குறிப்பு வரிசைக் கோப்பிலேயே பதிந்துவிட்டது என்று மேலே சொன்னேன் அல்லவா, மெயின்.சிஎஃப்பை மாற்றுவது இனி வரும் அஞ்சல்களுக்குத்தான் பொருந்தும். பழையவற்றுக்கு, ரீலோட் செய்த பின் போஸ்ட்சூப்பர் கட்டளையை ‘-ஆர் ஆல்’ என்ற தெரிவுடன் இயக்கினால், அவை மறுபடியும் க்ளீன்அப் வழியே சென்று அப்போதைய அமைப்புக்கு ஏற்ற குறிப்பைப் பெறும். அமாவிஸைச் சரிசெய்து எழுப்பிவிட்டீர்கள் என்றால் இதுகூட வேண்டாம். போஸ்ட்கியூ -எஃப் போதும்.

எதையும் மாற்றுவதற்கு முன் மெயின்.சிஎஃப்பில் சாஃப்ட்_பவுன்ஸ் என்பதை ‘யெஸ்’ ஆக்குங்கள். நிரந்தர நிராகரிப்புகள் தற்காலிகமானவையாக மாறுவதால், உங்கள் பிழையால் நல்ல அஞ்சல் திரும்பிப் போகாது. வேலை முடிந்ததும் மறக்காமல் எடுத்துவிடுங்கள். பிறகு வாசல்களைப் பின்னாலிருந்து திறந்து வாருங்கள்: முதலில் 10025 சேவையை எழுதி ரீலோட் செய்து, டெல்நெட்டில் அதைத் தட்டிப் பார்த்து 220 வாழ்த்து வருகிறதா என்று பார்ப்பது, அடுத்து 10024, கடைசியாக மட்டுமே கன்டென்ட்_ஃபில்டர் வரி. கேட்டவர் பெரும்பாலும் கடைசி வரியை முதலில் எழுதியிருப்பார். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் ‘போஸ்ட்ஃபிக்ஸ் செக்’ கட்டளையையும் போஸ்ட்கான்ஃப் -என் கட்டளையையும் இயக்குங்கள். அளபுருவின் பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் ‘பயன்படாத அளபுரு’ என்று பின்னது எச்சரிக்கும். ஒரே அளபுரு இரண்டு இடத்தில் இருந்தால் அதையும் சொல்லும். ஒட்டி உருவான கோப்புகளில் இந்த இரண்டாவது எச்சரிக்கை கிடைக்காமல் இருப்பதே அபூர்வம்.

லாகில் நல்ல அடையாளம் எப்படி இருக்கும்? அஞ்சலுக்கு முதல் வரிசை எண்ணில் ஒரு வரி வரும்: ரிலே 127.0.0.1:10024, ஸ்டேட்டஸ் ‘சென்ட்’, அடைப்புக்குள் ‘250 2.0.0 ஃப்ரம் எம்டிஏ’ என்று தொடங்கி, 10025-ஐக் குறிப்பிட்டு, ‘க்யூட் அஸ்’ என்பதன் பின் இரண்டாவது வரிசை எண். அந்த இரண்டாவது எண்ணைத் தேடினால் பெறுநருக்குச் சேர்ந்த வரி கிடைக்கும். இரண்டு எண், ஒரு சங்கிலி. முதல் வாசல் மூடியிருந்தால் ‘கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு’ என்று போஸ்ட்ஃபிக்ஸே சொல்லும். இரண்டாவது வாசல் மூடியிருந்தால் 127.0.0.1 சொன்னதாக (‘செட்’) 4-இல் தொடங்கும் பதில் வரும், அதாவது அமாவிஸ் எழுந்திருக்கிறது, ஆனால் தன்னால் முடியவில்லை என்கிறது. அந்த வரியின் எஞ்சிய பகுதியில் 10025 என்று இருந்தால் வரும் வாசல், ‘வைரஸ் ஸ்கேன்’ என்று இருந்தால் கிளாம்டி.

வடிகட்டல் உண்மையில் நடக்கிறதா என்பதற்கு ஹெடரில் உள்ள ‘ஸ்கேன்டு’ வரியைச் சான்றாகக் கொள்ளாதீர்கள். ஐகார் சோதனைச் சரம் இருக்கிறது. 68 எழுத்துகள், தீங்கற்றது, வைரஸ் எதிர்ப்பு நிரல்கள் வைரஸாக நடத்துவதென்று ஒப்புக்கொண்டது. ஸ்பாமுக்கு ஜிடியூப் என்ற சரம். இரண்டையும் வெளியிலிருந்து ஒருமுறை, உள்ளிருந்து ஒருமுறை அனுப்பிப் பாருங்கள்.

இனி மில்டர். சென்ட்மெயில் என்ற அஞ்சல் நிரலுக்காக உருவான இந்த வடிகட்டி இடைமுகத்தைப் போஸ்ட்ஃபிக்ஸ் 2.3 பதிப்பிலிருந்து ஏற்றுக்கொண்டது. இதில் அஞ்சல் திரும்பி வரும் வாசல் என்று ஒன்று இல்லை. வெளி சர்வர் பேசிக்கொண்டிருக்கும்போதே எஸ்எம்டிபிடி ஒவ்வொரு கட்டத்திலும் வடிகட்டியைக் கேட்டு, அதன் தீர்ப்பையே பதிலாகச் சொல்கிறது. ஆகவே சுழற்சி இல்லை, இரட்டிப்பு இல்லை, வைரஸ் அஞ்சல் 250 வாங்குவதே இல்லை. புதிதாக ஒரு சர்வர் அமைப்பவருக்கு நான் இதையே சொல்வேன். ஸ்பாம் வடிகட்டியான ஆர்ஸ்பாம்டியை நிறுவி, எஸ்எம்டிபிடி_மில்டர்ஸ் என்பதில் ஐனெட்:127.0.0.1:11332 என்று எழுதி, ஆர்ஸ்பாம்டியின் லோக்கல்.டி அடைவில் ஆன்டிவைரஸ்.கான்ஃப் கோப்பில் கிளாம்டியின் சாக்கெட்டை (நிரல்கள் பேசிக்கொள்ளும் வாசலை) காட்டினால் இணைப்பு முடிந்தது. சர்வருக்குள்ளிருந்து பிறக்கும் அஞ்சலுக்கு நான்_எஸ்எம்டிபிடி_மில்டர்ஸ் தனியாக வேண்டும்.

ஸ்பாம் சோதனை வேண்டாம், வைரஸ் மட்டும் போதும் என்றால் கிளாம்ஏவி-மில்டர் போதுமானது. அதன் கோப்பில் ஆன்இன்ஃபெக்டெட் என்பதை ‘ரிஜெக்ட்’ ஆக்குங்கள். இயல்பான மதிப்பு ‘குவாரன்டைன்’. அப்படியே விட்டால் வைரஸ் அஞ்சல்கள் போஸ்ட்ஃபிக்ஸின் ஹோல்டு வரிசையில் யாரும் பார்க்காமல் குவியும். இதைச் சாக்கெட் கோப்பு வழியாக இணைக்கும்போது ஒரு பொறி உண்டு. பல டெபியன் அமைப்புகளில் எஸ்எம்டிபிடி க்ரூட்டுக்குள் ஓடுகிறது, அதாவது /வார்/ஸ்பூல்/போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அடைவே அதற்கு உலகின் வேர். மில்டர் தன் சாக்கெட்டை அந்த அடைவுக்குள் உருவாக்க வேண்டும், ஆனால் எஸ்எம்டிபிடி_மில்டர்ஸில் அந்த முன்பகுதியை விட்டுவிட்டு யூனிக்ஸ்:/கிளாம்ஏவி/ என்று தொடங்கி எழுத வேண்டும். முழுப்பாதையை எழுதினால், கண்ணெதிரே இருக்கும் கோப்பை ‘இல்லை’ என்று போஸ்ட்ஃபிக்ஸ் சொல்லும். சாக்கெட்டைத் திறக்கும் குழு உரிமை போஸ்ட்ஃபிக்ஸ் பயனருக்கு இருக்க வேண்டும் என்பது தனி. இந்தத் தொல்லைகள் வேண்டாம் என்றால் 127.0.0.1-இல் ஒரு போர்ட்டைக் கொடுத்துவிடுங்கள்.

மில்டர் செயலிழந்தால் என்ன செய்வது என்பதை மில்டர்_டிஃபால்ட்_ஆக்ஷன் சொல்கிறது. இயல்பு ‘டெம்ப்ஃபெயில்’, வெளி சர்வர் பிறகு முயலும், ஒழுங்கான சர்வர்கள் நான்கைந்து நாள் வரை முயலும். இணையத்தில் சுற்றும் எடுத்துக்காட்டுகள் பல இதை ‘அக்செப்ட்’ ஆக்கச் சொல்கின்றன. அஞ்சல் நிற்காது என்பது உண்மை, வடிகட்டி விழுந்த கணத்திலிருந்து வைரஸும் நிற்காது. வைரஸ் வடிகட்டிக்கு இயல்பையே விட்டுவையுங்கள். அதனோடு டிகேஐஎம் கையொப்பம் போன்ற வேறொரு மில்டரும் இருந்து அதற்கு மட்டும் தளர்வு வேண்டுமென்றால், 3.0 முதல் ஒவ்வொரு மில்டரையும் நெளிவு அடைப்புக்குள் இட்டுத் தனித்தனியே டிஃபால்ட்_ஆக்ஷன் தரலாம்.

அமாவிஸில் தொடர்வதா, மில்டருக்கு மாறுவதா என்று கேட்டவர் தயங்கலாம். ஏற்கெனவே பாதி வழி வந்துவிட்டதால், ஒரு முகவரிக்கு ஒரு கொள்கை என்ற அளவுக்கு நுட்பமான கட்டுப்பாடு தேவைப்பட்டால் அமாவிஸில் தொடருங்கள்; அதில் அது கைதேர்ந்தது. அப்படி ஒன்றும் இல்லையென்றால் மாறிவிடுவதே மேல். இரண்டையும் ஒரே நேரத்தில் வைப்பதானால் 10025 சேவையில் நோ_மில்டர்ஸ் இருப்பதை மறுபடி உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இரண்டு வழிக்கும் பொதுவான ஒன்று அளவு வரம்பு. போஸ்ட்ஃபிக்ஸின் மெசேஜ்_சைஸ்_லிமிட் இயல்பாக 10240000 பைட். அதைக் கூட்டும்போது கிளாம்டியின் ஸ்ட்ரீம்மேக்ஸ்லெங்த், மேக்ஸ்ஃபைல்சைஸ், மேக்ஸ்ஸ்கேன்சைஸ் மூன்றும் அதற்குக் குறையாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். இணைப்புக் கோப்புகள் பேஸ்64 குறியீட்டில் மூன்றில் ஒரு பங்கு பெருத்தே வரும் என்பதால், 20 எம்பி கோப்பை அனுமதிக்க அஞ்சல் வரம்பு ஏறத்தாழ 27 எம்பிக்கு மேல் இருக்க வேண்டும். வரம்பை மீறிய கோப்பைக் கிளாம்டி முழுமையாகப் பார்க்காமல் ‘சரி’ என்று விட்டுவிடக்கூடும். அலர்ட்எக்ஸீட்ஸ்மேக்ஸ் என்பதை ‘யெஸ்’ ஆக்கினால் அப்படிப்பட்டவற்றையும் அது சுட்டிக்காட்டும். கடவுச்சொல்லிட்ட ஜிப் கோப்புக்குள் வடிகட்டிகளால் பொதுவாகப் பார்க்க முடியாது. அவற்றைத் தடுப்பதா விடுவதா என்பதற்கு அலர்ட்என்கிரிப்டெட்ஆர்கைவ் என்ற தனித் தெரிவு அதே கோப்பில் இருக்கிறது.